கவுந்தியடிகள் காட்டிய நடை
(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சிலப்பதிகாரத்தில் நெடுவழி நடந்தவர் மூவர். கோவலனும் கண்ணகியும் ஊரை விட்டு நீங்கியமையால் நடந்தனர். கவுந்தியடிகள், மதுரையில் அறவுரை கேட்கவும் அறிவனை ஏத்தவும் விரும்பி நடந்தார். தோளில் அறுவையும், கையில் பிச்சைப் பாத்திரமும், மயிற்பீலியும் கொண்டு புறப்பட்ட அம்மூதாட்டி, முதலடி எடுத்து வைக்கும் முன்னரே கோவலனுக்கு வழியின் இயல்பை விரித்துரைக்கிறார். நாடுகாண் காதையில் வரும் அப்பகுதியைப் பலர் இயற்கை வருணனை என்று கருதி விரைந்து கடந்துவிடுகின்றனர். சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் அதனை நின்று படித்தல் வேண்டும்.

அவர் கூறுவதன் சாரம் இது. வெயிலுக்கு அஞ்சிச் சோலை வழியே சென்றால், வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் உதிர்ந்து மூடியிருக்கும். அறியாதவர் கால் அவற்றில் இடறும். குழிக்கு அஞ்சித் தரையையே நோக்கி நடந்தால், தாழத் தொங்கும் பலாப்பழம் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் பாத்திகளில் பலாவின் விதைகள் பரற்கற்கள் போல உறுத்தும். வயல் வழியே சென்றாலோ, கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். நீர்வேட்கை மிக்க கண்ணகி அறியாமல் அந்நீரை அள்ளிப் பருகிவிடக்கூடும். களை பறிப்போர் வரப்பில் எறிந்த குவளை மலர்களில் வண்டுகள் தங்கியிருக்கும்; வழிநடைச் சோர்வில் அவற்றை மிதித்துவிடவும் கூடும். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கினால் அந்தத் துன்பம் பொறுக்கத்தக்கதன்று.

தேன் விலக்கிய நோன்பை அறிந்த இந்த அவைக்கு, பொய்கை நீரில் கலந்த தேனைப் பற்றிய கவலை எங்கிருந்து பிறந்தது என்று எடுத்துரைக்க வேண்டுவதில்லை. துறவியர் ஒழுகும் ஐந்து சமிதிகளுள் ஈர்யா சமிதி முதலாவது. நுகத்தடி நீளம், அதாவது நான்கு முழத் தொலைவு, முன்னே தரையை நோக்கி உயிர்க்கு ஊறின்றி நடத்தல் அது. கவுந்தியடிகளின் வழியுரை அந்த நோன்பிலிருந்து பிறந்தது. ஆனால் அதன் பயன் நோன்பின் எல்லையோடு நிற்கவில்லை. உயிருக்கு ஊறு நேராமல் நடக்கப் புகுந்தவர், எந்த வயலில் என்ன களை, எந்தக் கரையில் என்ன உயிர், எந்த மாதத்தில் எந்த மரம் பூ உதிர்க்கும் என்பன யாவும் அறிந்தவராகிறார். இருவரோடு அவர் நாளொன்றுக்கு ஒரு காவதத்துக்கு மேல் கடவாமல் நடந்தார் என்கிறது காப்பியம்.

அந்நடையில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. வழி மூன்றாகப் பிரியும் இடத்தில் மாங்காட்டு மறையவன் எதிர்ப்பட்டு, இடப்பக்கத்து வழியில் திருமால்குன்றம் இருக்கிறது, அங்கே மூன்று பொய்கைகள் இருக்கின்றன, ஒன்றில் மூழ்கினால் இந்திரன் இயற்றிய நூலை உணரலாம், மற்றொன்றில் மூழ்கினால் பழம்பிறப்பை அறியலாம் என்றெல்லாம் கூறுகிறான். கவுந்தியடிகள் குறுக்கிடாமல் முழுவதும் கேட்கிறார். பின்னர், வாய்மை தவறாமல் உயிர்களைப் பேணுவோர்க்கு எய்தமுடியாத பொருள் ஏதுமில்லை, ஆகவே அப்பொய்கைகளில் மூழ்கும் தேவை தமக்கில்லை என்று மறுமொழி கூறி, நீ உன் தெய்வத்தைக் காணச் செல், யாங்கள் எங்கள் வழியிற் செல்கிறோம் என்று விடை கொடுக்கிறார். அவனை இகழவில்லை, அவன் கதையை ஏற்கவும் இல்லை. (அதே அடிகள், வழியில் இழிமொழி கூறிய இருவரை நரிகளாகுமாறு சபித்ததும் காப்பியத்தில் இருக்கிறது. சினம் துறவியர்க்கும் பகையே என்று அறிந்தவர் எழுதிய நூல் அது.)

அந்த மறையவன் புகழ்ந்த திருமால்குன்றம் அழகர்மலை என்பர் உரையாசிரியர். அம்மலைத்தொடரில் கிடாரிப்பட்டிக்கு அருகில் உள்ள குகையில் கற்படுக்கைகளும் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அங்கே கொடையாளராகக் குறிக்கப்பெறுவோருள் உப்பு வணிகனும், கொழு வணிகனும், பொற்கொல்லனும் உளர். மறையவன் பொய்கைகளைக் கண்ட மலையில் துறவியர் படுக்கைகளும் இருந்தன. மலை ஒன்றுதான், நடந்தவர்களின் கண்கள் வேறுவேறு.

கேட்கும் செவியும், பார்க்கும் கண்ணும், தன் வழியில் உறுதியும் உடைய இந்நடையை முத்துக்குளித்துறைக் கரையிலும் அதன் உள்நாட்டிலும் மேற்கொண்டால் என்ன தென்படும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழ்ச் சமணர் குடும்பங்கள் இன்று வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்கின்றன. தெற்கே செல்லும் யாத்திரை பெரும்பாலும் ஊர்தியில் நிகழ்கிறது. விடியலில் கழுகுமலை, அரைமணி நேரத்தில் வணக்கமும் படப்பிடிப்பும், நண்பகலுக்குள் சிதறால், மாலையில் கன்னியாகுமரி, இரவோடு இரவாகத் திரும்புதல் என்பது வழக்கமாகிவிட்டது. முதியோரும் குழந்தைகளும் உடன் வரும்போது இதனைக் குறை கூறவியலாது. ஆயினும் தென்பாண்டி நாட்டில் இன்று இச்சமயத்தின் குடிகள் இல்லை. பள்ளிகள் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன, காப்பவர் வேறு மக்கள். உரியவர் என்று தம்மைக் கருதுவோர் அரைமணி நேரமே வந்து போனால், அந்த ஊர்களின் நினைவில் சமணம் எவ்வாறு நிலைபெறும்?

முதல் நடைக்குரிய ஊர் கொற்கை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அண்மையில், வாழையும் நெல்லும் விளையும் தாமிரபரணிச் சமவெளியில் இருக்கும் சிற்றூர் அது. பாண்டியரின் பெருந்துறையாக இருந்த ஊர் இதுதான் என்று கூறினால் வெளியூரார் நம்பத் தயங்குவர். ஏனெனில் கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கழிமுகத்தைத் தூர்த்துக் கடலைப் பின்னுக்குத் தள்ளியது. துறை கொற்கையிலிருந்து காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது காயலைத்தான். கொற்கையிலிருந்து பழையகாயல் வழியாகக் கடல் நோக்கி ஒரு காலைப்பொழுது நடந்தால், ஆயிரம் ஆண்டுக் கரைமாற்றத்தைக் காலடியிலேயே உணரலாம். வண்டல் மண் மெல்லமெல்ல உவர் மண்ணாகிறது. வாழைத் தோட்டங்கள் முடிந்து உப்பளப் பாத்திகள் தொடங்குகின்றன.

கொற்கையைக் கிரேக்க நூல்கள் 'கொல்கை' என்று ஒலிக்கும் பெயரால் குறித்தன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் செலவு நூல், அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக் குளித்தனர் என்கிறது. அக்கொல்கை இக்கொற்கையே என்று நிறுவ அகழ்ந்து பார்த்தவர்களுள் கால்டுவெல் ஒருவர். 1841ஆம் ஆண்டு சென்னையிலிருந்து நீலகிரி வழியாகக் கால்நடையாகவே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தவர் அவர். அவருடைய சமயப் பணியைப் பற்றி வேறு கருத்து உடையோரும், நடந்து கண்டமையால்தான் அவர் நிலத்தை அறிந்தார் என்பதை ஒப்புக்கொள்வர். பின்னர் 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்கே அகழ்வாய்வு நடத்தியது. கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பெற்றது. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், சங்கு அறுத்த கழிவுகளும் கிடைத்தன. இன்றும் மழைக்குப் பின் வரப்போரம் நடப்பவர் கண்ணுக்குச் சிப்பியும் ஓட்டுச் சில்லும் தென்படும். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவருதல் முறை.

ஊரில் பழைய வன்னிமரம் ஒன்று நிற்கிறது. அதன் வயது ஈராயிரம் ஆண்டு என்பர் ஊரார். மரத்தின் வயதை ஊரார் கூறும்போது வரலாற்றாசிரியர் புன்முறுவல் செய்வர். ஆனால் அந்த எண்ணில் மரத்தின் வயதைவிட ஊரின் வயதைப் பற்றிய நினைவே அடங்கியிருக்கிறது. பக்கத்தில் அக்கசாலை என்ற பெயர் வழங்குகிறது. அக்கசாலை என்பது பொற்பணி செய்யுமிடம், காசு அடிக்குமிடம் என்ற பொருளுடையது. குளக்கரையில் வெற்றிவேல் செழிய நங்கை என்னும் அம்மன் கோயில் இருக்கிறது. பாண்டிய மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கிய இப்பெண் தெய்வத்தின் முன் நிற்கையில், சிலப்பதிகாரம் படித்தவர் உள்ளம் அமைதி இழக்கும்.

காரணம் இது. மதுரையில் நெடுஞ்செழியன் மாண்டபின், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆட்சியேற்றுக் கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று காப்பியம் கூறுகிறது. குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன், மாண்டவர் ஆயிரவர். இது வரலாறா, புனைவா என்று ஆராய்வோர் ஆராயட்டும். அக்கசாலை என்ற ஊர்ப்பெயரும் நங்கை என்ற தெய்வப்பெயரும் அருகருகே இருப்பது கதைக்குச் சான்றாகாது; கதை பரவியபின் பெயர்கள் அதனைச் சுற்றி அமைந்திருக்கவும் கூடும். வினா வேறு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட துறவி ஒருவர் இயற்றியதாகச் சமணர் போற்றும் நூலில் இந்நிகழ்ச்சி ஏன் இடம்பெற்றது?

மேடைகளில் சிலப்பதிகாரம் புகழப்பெறும்போது இவ்விடம் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. விடுவது நூலுக்குச் செய்யும் சிறப்பாகாது. நூலாசிரியர் இதனைச் சாந்தி என்று மன்னன் கருதியதாகக் கூறுகிறாரே ஒழிய, அறம் என்று எங்கும் வாழ்த்தவில்லை. அதே நீர்ப்படைக் காதையில், கோவலன் கொலையுண்டதும் கண்ணகி துயருற்றதும் கேட்ட கவுந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டு உயிர் நீத்தார் என்ற செய்தியும் வருகிறது. ஒரு தவற்றுக்கு இருவர் செய்த இருவகைக் கழுவாய் ஒரே காதையில் இருக்கின்றன. அரசன் பிறர் உயிரைக் கொடுத்தான். அடிகள் தம் உயிரைக் கொடுத்தார். படிப்பவர் எதனைத் தேர்வர் என்பதை ஆசிரியர் படிப்பவரிடமே விட்டுவிட்டார் என்று கொள்ளுதல் தகும். கொற்கைக் குளக்கரையில் நின்று இக்காதையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தால், வகுப்பறையில் எழாத வினாக்கள் எழும். அந்த அம்மனை வழிபடும் ஊரார்க்கு அவள் காவல் தெய்வம். அவர்கள் முன் நின்று இவ்வாராய்ச்சியை உரக்கப் பேசுதல் வேண்டா. மாங்காட்டு மறையவனிடம் அடிகள் நடந்துகொண்ட முறை இங்கும் பொருந்தும்.

கொற்கையைப் பற்றிய இரண்டாம் வினா முத்தைப் பற்றியது, இதுவும் எளிதன்று. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தது முத்து. அரசவையில் வழக்கைத் தீர்த்தது அந்த வேறுபாடுதான். பாண்டியன் தன் அரண்மனைச் சிலம்பில் முத்தை அல்லாமல் வேறெதனை இடுவான்? கொற்கை அவன் துறை.

அந்த முத்து எவ்வாறு கரை சேர்ந்தது? மன்னார் வளைகுடாவில் சிப்பிகள் செறிந்து வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர் கடலோடிகள். அலை அடங்கிய பங்குனி, சித்திரையில் பரதவர் தோணிகளில் அங்கே செல்வர். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கிச் சிப்பிகளை வாரிக் கூடையில் இட்டதும், மேலே கயிறு பிடித்திருப்பவர் இழுத்து ஏற்றுவார். கயிற்றை மைத்துனர் கையில் கொடுப்பதே வழக்கம் என்றும், தங்கையின் தாலிக்கு அஞ்சியாவது அவர் கைவிடார் என்றும் கரையில் கூறுவதுண்டு. சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு, பின்னர் அலசி முத்தை எடுப்பர். ஆயிரக்கணக்கான சிப்பிகள் மடிந்த குவியலில் நல்முத்து சிலவே தேறும். அந்நாற்றம் பல கல் தொலைவு வீசும். தூத்துக்குடியில் கடைசியாகப் பெருமளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961ஆம் ஆண்டு. அதன்பின் பார்களில் சிப்பி அருகிவிட்டது. மூழ்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று துறைமுகத்திலும் மீன்பிடி படகுகளிலும் உழைக்கின்றனர்.

ஓருயிர்க்கும் ஊறு செய்யாத துறவியர் இப்பாண்டிய நாட்டில் வணிகரும் அரசரும் வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகளில் தங்கினர். அவர்கள் கொடுத்த உணவை ஏற்றனர். பாண்டியரின் செல்வத்தில் முத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கொலைக்கு இடமான தொழிலை இல்லறத்தார் நீக்க வேண்டும் என்றே சிராவக ஒழுக்கம் விதிக்கிறது. ஆயினும் நாட்டின் செல்வம் முழுவதும் அவ்விதிக்குள் அடங்கியதென்று எவரும் கூறவியலாது. நண்டு நசுங்கும் என்று அஞ்சி நடந்த கவுந்தியடிகள் வாழ்ந்த அதே காப்பிய உலகில்தான் அரசியின் காலில் முத்துச் சிலம்பு ஒலித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைப்பது கடினம். நினைத்துப் பார்த்த குடும்பங்கள் சில, திருமணத்தில் முத்து அணிவதைத் தாமே தவிர்க்கின்றன. அது அவரவர் துணிவு. முத்து மாலை அணிந்தோரை அவையில் இடித்துரைக்கும் நோக்கம் இவ்வுரைக்கு இல்லை.

கொற்கையிலிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றால் ஆதிச்சநல்லூர், சிவகளை முதலிய தாழிக்காடுகள். அவற்றைப் பற்றி நாளேடுகள் நிரம்ப எழுதிவிட்டன. இங்கே நிற்கத் தேவையில்லை. இன்னும் மேற்கே, நெல்லை மாவட்டத்தில் சீவலப்பேரிக்கு அருகில் மறுகால்தலை என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பூவிலுடையார் மலைக் குகையில் கற்படுக்கைகளும், காசிபன் என்பவன் செய்வித்த கொடையைக் கூறும் தமிழ்-பிராமி எழுத்தும் உள்ளன. இத்தகைய குகைகளை மக்கள் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்று அழைப்பது தமிழகம் எங்கும் காணும் வழக்கம். படுத்தவர் யார் என்பது மறந்துபோன பின்னும், காட்டில் கல்லில் படுத்த பெரியோர் என்ற அளவில் நினைவு எஞ்சியது. நாடிழந்து காட்டில் அலைந்த ஐவரை மக்கள் அங்கே கிடத்திப் பார்த்தனர். திருத்த வேண்டிய பிழை என்று இதனைக் கருதிச் சினப்பவர் உண்டு. அப்பெயர் இல்லாதிருந்தால் பல குகைகள் எப்போதோ கல்லுடைப்போர் கைக்குப் போயிருக்கும்.

இனிக் கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. கரிசல் நிலத்தின் நடுவே மொட்டைப் பாறையாக எழும் இம்மலையைக் கல்வெட்டுகள் அரைமலை என்கின்றன. இங்கே எழுந்தருளிய தீர்த்தங்கரர் 'அரைமலை ஆழ்வார்' என்று அழைக்கப்பெற்றார். ஆழ்வார் என்னும் சொல்லை வைணவத்துக்கே உரியதென்று எண்ணுவோர் இதனைக் கண்டு வியப்பர். ஊர்தியில் வந்து மலையடியில் இறங்குவதற்கு மாறாக, கரிசல் காட்டில் சில கல் தொலைவிலிருந்தே நடந்து வந்தால், இம்மலை ஏன் தெரிந்தெடுக்கப்பெற்றது என்பது புலனாகும். சுற்றுமுற்றும் கண்ணுக்கெட்டும் தொலைவு வரை வேறு நிழல் இல்லை.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு கதை. சடாயுவின் உடன்பிறந்த சம்பாதி இங்கே முருகனை வழிபட்டான் என்பது. அடிவாரக் கழுகாசலமூர்த்தி கோயிலின் அடியார்கள் அதனைக் கூறுவர். மலைமேல் ஒரே பாறையில் குடைந்து முற்றுப்பெறாமல் நிற்கும் வெட்டுவான் கோயிலைப் பற்றி மற்றொரு கதை. தந்தையும் மகனும் சிற்பிகள், போட்டியிட்டுப் பணி தொடங்கினர், மகன் முந்திவிட்டான் என்று சினந்த தந்தை உளியை எறிந்து அவனைக் கொன்றான், கோயில் நின்றுவிட்டது. முடிவுறாத கட்டடங்களுக்கெல்லாம் தமிழர் இப்படியொரு கதை வைத்திருக்கின்றனர். கல்லில் பாதியில் நின்றுபோன உளித்தடத்தைத் தொட்டுப் பார்ப்பவருக்கு, அரசு மாற்றமோ பொருட்குறையோ காரணம் என்று கூறும் விளக்கத்தைவிட இக்கதையே நெருக்கமாகத் தோன்றுவது இயல்பு.

வெட்டுவான் கோயிலுக்கு அப்பால் பாறைச் சரிவில் நூற்றுக்கு மேற்பட்ட திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. படமெடுத்த நாகத்தின் கீழ் பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலியும் அவர் இருபுறம் உடன்பிறந்த நங்கையரும், சிங்கத்துடன் நிற்கும் அம்பிகை ஆகிய பெரிய சிற்பங்களைக் கண்டு வணங்கிவிட்டு அனைவரும் திரும்புகின்றனர். திரும்பக்கூடாத இடம் அது. சிறிய திருமேனிகளின் கீழே ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. பெரும்பாலானவை ஒன்றிரண்டு வரிகளே. இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி என்பதற்கு மேல் அவை எதுவும் கூறவில்லை. பராந்தக நெடுஞ்சடையன் காலமாகிய 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, அடுத்த நூற்றாண்டிலும் இவை பொறிக்கப்பெற்றன.

அரசனோ பெருவணிகனோ மட்டும் செய்வித்த கோயிலாக இது இருந்திருந்தால் ஒரே ஒரு நீண்ட மெய்க்கீர்த்தி இருந்திருக்கும். இங்கே தச்சர், குயவர், கொல்லர் முதலிய கைவினைஞர் பெயர்கள் இருக்கின்றன. ஆசிரியர் பெயரும் அவர்தம் மாணாக்கர் பெயரும் இருக்கின்றன. குணசாகர பட்டாரரைச் சார்ந்து சித்தாந்தம் விளக்கும் வைராக்கியர்க்கு உணவளிக்கக் கொடை வைத்த செய்தி இருக்கிறது. பாறைச் சரிவு ஒரு கல்விக்கூடத்தின் வருகைப் பதிவேடு போலக் காட்சியளிக்கிறது.

அதில் பெண்பாலார் பெயர்கள் மிகுதி. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார், நால்கூர்க் குரத்தியார், சங்கக் குரத்திகள் எனப் பல. குரத்தி என்பது குரு என்பதன் பெண்பால். சமயம் கற்பித்த ஆசிரியை. 1,200 ஆண்டுகளுக்கு முன் கரிசல் காட்டுப் பாறையில் ஆசிரியைகள் தம் ஊர்ப்பெயரோடு நிலைத்திருக்கின்றனர். கவுந்தியடிகளைக் கற்பனைப் பாத்திரம் என்று கூறுவோர் கூறட்டும். அவரைப் போன்றோர் இந்நாட்டில் ஊர் ஊராக நடந்தனர் என்பதற்குக் கல்லே சான்று. திருச்சாரணம் என்பது இன்றைய சிதறால், கன்னியாகுமரி மாவட்டம். திருக்கோட்டாற்று ஆசிரியர்களின் மாணாக்கரும் இங்கே திருமேனி செய்வித்தனர். கோட்டாறு இன்று நாகர்கோவிலின் ஒரு பகுதி. அங்கிருந்து இங்கு வரும் வழி பாலைபோன்ற வறண்ட நிலத்தின் ஊடே செல்வது. ஊர்தி இல்லாதார் நடந்தே வந்தனர். அதுவும் மயிற்பீலியால் தரையைத் தடவியபடி.

வட தமிழகக் குடும்பங்கள் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரக்கூடிய பெயர் ஒன்றும் அப்பாறையில் இருக்கிறது. அது திருநறுங்கொண்டை. அப்பாண்டைநாதர் எழுந்தருளிய அதே திருநறுங்கொண்டை. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து ஊர். அவ்வூர் ஆசிரியர் ஒருவரின் மாணாக்கர் கழுகுமலையில் திருமேனி செய்வித்திருக்கிறார். இன்றைய சாலைக் கணக்கில் இடைத்தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். காவதம் பத்து மைல் என்று கொண்டால், கவுந்தியடிகளின் நடையில் இருபத்தைந்து நாள். இன்றும் அப்பாண்டைநாதரை வணங்கும் குடும்பத்துப் பிள்ளை கழுகுமலையில் தன் ஊர்ப்பெயரைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தால், தென்பாண்டி நாடு அப்பிள்ளைக்கு அயல்நாடாக இராது. ஆனால் வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த பிள்ளை எந்தக் குடும்பத்தில் இருக்கிறது? மேடையில் பழம்பெருமை பேசும் நேரத்தில் பாதியைச் செலவிட்டால் வட்டெழுத்தின் உயிரும் மெய்யும் கற்றுவிடலாம். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கு இரண்டு வார உழைப்புப் போதும்.

பாறையின் அருகே அய்யனார் கோயில் இருக்கிறது. ஊர் மக்கள் பொங்கலிட வருகின்றனர். தீர்த்தங்கரர் திருமேனிகளை அவர்கள் தெய்வத் திருவுருவங்களாகவே மதித்து வந்துள்ளனர். சமணக் குடிகள் இவ்வட்டாரத்தில் இல்லாதுபோன பல நூற்றாண்டுகளாகச் சிற்பங்கள் சிதையாமல் நின்றதில் அந்த மதிப்புக்கும் பங்கு உண்டு. ஆகவே யாத்திரை செல்வோர் அங்கே உரிமை பேசுதல் வேண்டா. ஊர்ப் பெரியவரிடம் கதை கேட்கலாம். அவர் கூறும் கதையில் சமணர் வேறு உருவில் தோன்றினாலும் இடைமறிக்காமல் கேட்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பாறை அது. எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, சந்தனம் எதுவும் எழுத்தின்மேல் படக்கூடாது. பக்தியின் பெயரால் பூசிய எண்ணெயில் தூசி படிந்து எழுத்து மறைந்த பாறைகள் தமிழகத்தில் பலவுண்டு.

அடுத்த ஆண்டு இளைஞர் யாத்திரை ஏற்பாடு செய்வோர் மூன்று நாள் ஒதுக்குதல் நன்று. மார்கழி முதல் மாசி வரை கரிசல் வெயில் பொறுக்கத்தக்கது. முதல் நாள் கொற்கையிலிருந்து பழையகாயல் வரை. இரண்டாம் நாள் மறுகால்தலை. மூன்றாம் நாள் முழுவதும் கழுகுமலை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு திருமேனியைத் தெரிந்துகொண்டு, அதன்கீழ் உள்ள ஊர்ப்பெயரைத் தாளில் எழுதி, அவ்வூர் இன்று எங்கே இருக்கிறது என்று தேடட்டும். சில கிடைக்கும், பல கிடையா. எழுத்துகள் ஆழமற்றவை, உச்சி வெயிலில் பாறை முழுவதும் ஒரே வெளிறாகத் தெரியும். சாய்வெயில் விழும்போதுதான் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் நிழல் கட்டும். ஆகவே விடியலிலேயே மேலேறிவிட வேண்டும்; காலுக்குக் கீழே எறும்புச் சாரை போகும் நேரமும் அதுவே, பார்த்து ஏற வேண்டும்.